எழுந்து போகிற வித்தை

முதலில் பல்லைக் காட்டுவதை நிறுத்து. பல்லைக் காட்டிக்கொண்டு ஒருத்தி ஒன்றைச் சொல்லித் தருகிறாள் என்றால் எதையோ தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அர்த்தம், இது தெரியாமலா காதர்பேட்டையில் இத்தனை வருஷமாக செகண்ட்ஸ் துணி, கம்பெனிகள் கழித்துவிட்ட சரக்கு, வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறேன். வணக்கம் நண்பர்களே என்கிறாள் போனுக்குள்ளிருந்து. நீ எப்போதிருந்து எனக்கு நண்பி. வயசு இருபத்தைந்து இருக்கும், காதில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, பின்னால் ஒரு பூந்தொட்டி, வாய் ஒன்று சொல்கிறது சத்தம் வேறொன்றாக வருகிறது, எந்த ஊர்க்காரியோ எந்தப் பாஷையிலோ பேசியதன் மேல் யாரோ தமிழைப் பூசியிருக்கிறார்கள், மட்டமான சாயம், ஒரு தண்ணீர் பட்டால் போய்விடும். உங்கள் குழுவினருடன் தடையின்றி இணைந்திருங்கள். குடோனில் வேலை செய்கிற பெண்டுகள் எல்லாம் கீழே சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், வளர்மதியின் ரசவாடை மாடி வரைக்கும் ஏறி வருகிறது, நான் இந்தக் கண்ணாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டேப் உருளையில் போனைச் சாய்த்து வைத்து இவள் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வீடியோ. ஒவ்வொன்றும் ரெண்டு நிமிஷம்கூட இல்லை, ஆனால் முடிகிறபோது கலர் கலராகக் காகிதத்துணுக்கு பறக்கிறது, டிங் என்கிறது, அருமை, நீங்கள் முதல் பாடத்தை முடித்துவிட்டீர்கள். என்ன முடித்தேன். பேர் எழுதினேன். வேலாத்தாள் என்று என் பேரை நானே எழுதியதற்குக் கைதட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கைதட்டவில்லை, போனதே மூன்று வருஷம். அப்புறம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள், அங்கே தப்பு வெட்டினால் அளவு டேப்பால் முட்டியில் அடி விழும், துணுக்கு பறக்காது. அப்படிக் கற்றதெல்லாம் இன்றைக்கும் மறக்கவில்லை. இவள் சொன்னது இப்போதே மறந்துவிட்டது. திரும்பப் போடு. பார்த்தீர்களா, எவ்வளவு எளிது. எளிதாம்.

சரக்கு கொடுக்கிற கம்பெனிக்காரனைச் சொல்ல வேண்டும். போன வாரம் நேரில் போனேன், வழக்கம் போல. அந்த ஹரிணி, சரக்கு விற்கிற பொறுப்பு இப்போது அவளிடம், எழுந்து நிற்கத்தான் செய்தாள், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அக்கா, இனிமே நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லீங்க, எல்லாமே ஆப்லதாங்க, ஒன்பது வீடியோ இருக்குது, பார்த்து முடிச்சீங்கன்னா அறைக்குள்ள விட்ரும், அங்கயே போட்டோ வரும், ரேட்டு வரும், நீங்களும் அங்கயே பேசிக்கலாங்க. நேர்ல வந்தா என்னம்மிணி, உங்க நாற்காலி தேஞ்சிருமா என்றேன். சிரித்தாள். அதற்கும் சிரித்தாள். திட்டினாலும் சிரிக்கிற ஆளோடு எப்படி வியாபாரம் பண்ணுவது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு சார் சொல்றாருங்க்கா, அவ்வளவுதாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி. நானும் அந்த ஜெயசீலனும் ஒரே மாதிரி. அவன் நேற்று முளைத்தவன், துணியைத் தொட்டுப் பார்க்கத் தெரியாது, போட்டோவைப் பார்த்துச் சரக்கெடுத்து அதே போட்டோவை எங்கேயோ இருக்கிறவனுக்கு அனுப்பி விற்றுவிடுகிறான், சரக்கு அவன் குடோனுக்குள் வருவதே இல்லை. ஹரிணிக்கு முன்னால் அந்த ஸ்டோர் நாச்சிமுத்து அண்ணனிடம் இருந்தது. ரிட்டயர் ஆகிவிட்டார். அவரிடம் சரக்கு வாங்கப் போவது என்றால் அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு உடம்பில் ஒரு முறுக்கு ஏறும். துணியை மேஜையில் பரத்துவார். எனக்குப் பிடித்த துணி என்றால் முதலில் அதைத் தொடவே மாட்டேன். பிடிக்காததைத் தொட்டுத் தடவி, விளக்கில் பிடித்து, தள்ளி வைப்பேன். கடைசியில் போனால் போகிறது என்று பிடித்ததை ரெண்டு விரலால் தூக்குவேன், செத்த எலியைத் தூக்குவது மாதிரி. ச்சீ, என்னண்ணா இது, கழுத்துப் பட்டி இப்படி இழுத்திருக்குது, இதைப் பிள்ளைக்குப் போட்டா பிள்ளைதான் ஓடும் துணி நிக்கும். மூஞ்சி அப்படிச் சுளிக்க வேண்டும். உதட்டை மட்டும் சுளித்தால் போதாது, மூக்கு சுருங்க வேண்டும், கண் வேறு எங்கேயோ போய்விட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை எனக்குக் கண் மின்னிவிட்டது, ஒரு சேட்டம்மா பார்த்துவிட்டாள், அந்த இடத்திலேயே விலை ஏறியது. அதோடு சரி. அருவருப்பு எனக்குக் கைவேலை. கத்தரி பிடிக்கிற மாதிரி, தராசு பிடிக்கிற மாதிரி.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. எழுந்து போவது. அதை இந்த ஊரில் என்னை மாதிரி யாரும் செய்ய மாட்டார்கள், சொன்னால் தற்பெருமை, ஆனால் உண்மை. பேச்சு முறுகி நின்றதும் துணியை மேஜையில் போட்டுவிட்டு, உங்க சரக்கை நீங்களே கட்டிக்குங்க என்று எழுந்துவிட வேண்டும். எழுந்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போச்சு. வாசலில் செருப்பு. அங்கேதான் வித்தை. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காணாதது போலக் காலால் துழாவ வேண்டும். எதிராளி மனசு மாறுவதற்கு அந்த நேரம் வேண்டும், பாவம் அவனுக்கும். ரெண்டாவது செருப்பு கால் விரலில் ஏறுகிறபோது பின்னாலிருந்து சத்தம் வரும். அட வா அம்மிணி, இதுக்குப் போயி கோவிச்சுட்டு, டீ வந்திருக்குது பாரு. டீ வந்திருக்காது. அப்புறம்தான் இறங்கின விலையைச் சொல்லுவார். நாச்சிமுத்து அண்ணன் கூப்பிடாமல் நான் அந்தப் படியைத் தாண்டியதே இல்லை. மற்ற கம்பெனிகளிலும் அப்படித்தான், கூப்பிட்டார்கள், எல்லாரும் கூப்பிட்டார்கள், சிலர் ரோட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு ஆட்டோவை மறித்து ஒருத்தன் கூப்பிட்டான். என்னைப் பெற்றவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது பாடம். உங்கள் உணர்வுகளைச் சின்னங்களால் வெளிப்படுத்துங்கள். மஞ்சள் மஞ்சளாக மூஞ்சிகள், வரிசை வரிசையாக, மொட்டை மண்டைகள், கடை போட்ட மாதிரி. சிரிக்கிறது, அழுகிறது, கண்ணில் இதயம் வைத்திருக்கிறது, ஒன்று வாந்தி எடுக்கிறது, பச்சையாக. அதைப் பார். அதுதான் இவர்களுக்கு அருவருப்பாம். வாயைத் திறந்து பச்சையாக ஊற்ற வேண்டுமாம். இதைக் கொண்டு ஹரிணியிடம் அனுப்பினால் அவள் விலையைக் குறைப்பாளா, இல்லை அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பாளா. பாடம் முடிந்ததும் ஆப்காரன் கேட்கிறான், இந்தப் பாடம் உங்களுக்கு எப்படி இருந்தது, ஐந்து மூஞ்சி, ஒன்றைத் தொட்டால்தான் அடுத்தது திறக்கும். வரிசைக் கடைசியில் அழுகிற மூஞ்சியைத் தொட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி. நன்றியாம். நடுவில் ஒன்றையும் தொடாமல் அடுத்ததற்குப் போக முடியாதா, முடியாது. என் கட்டைவிரல் வேறு இதில் பதிய மாட்டேன் என்கிறது, ரேஷன் கடையிலும் இதே தொல்லைதான், துணி தடவித் தடவி ரேகை தேய்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எந்தத் துணி எவ்வளவு கனம் என்று சொல்லிவிடும் இந்த விரல், இந்தக் கண்ணாடிக்கு அது செத்த விரல். ரெண்டு தடவை குத்தினால் ஒரு தடவை கேட்கிறது. நான்காவது பாடத்தில் இசை வேறு. சரக்கு மட்டும் அப்படிப்பட்டது இல்லையென்றால் இந்நேரம் இந்தப் போனைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பேன். ஜெர்மனிக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் ராத்திரிச் சட்டை, நிறம் ஒரு பிடி மாறிவிட்டது என்று ஜெர்மனிக்காரன் வேண்டாம் என்றுவிட்டான், மாறியது அவன் கண்ணுக்குத்தான் தெரியும். கம்பெனி வாட்ச்மேன் ஒரு பீஸ் காட்டினான். தொட்டேன். தொட்டதும் எனக்கு அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி, பூனைக்குட்டியின் வயிற்றைத் தொட்ட மாதிரி, உள்பக்கம் பஞ்சு எழும்ப அப்படி ஒரு பிரஷ் ஓட்டியிருக்கிறான். நீலகிரி வியாபாரிகள் இதற்கு அடித்துக்கொள்வார்கள். இந்த மாசம் முழுக்கக் கையில் சரக்கே இல்லை. கீழே பெண்டுகள் ஒரு வாரமாகப் பழைய லேபிளைப் பிரித்துக்கொண்டு வேலை இருக்கிற மாதிரி நடிக்கிறார்கள், நானும் பார்க்காத மாதிரி நடிக்கிறேன். காலையில் சொல்லிவிட்டேன், இன்னிக்கு இந்தச் சரக்கு வந்தா உண்டு, இல்லீன்னா திங்கக்கிழமை யாரும் வராதீங்க. சகாயமேரி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் எப்போதும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவது என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, சத்தத்தை அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்த்தேன், மீன் மாதிரி திறந்து திறந்து மூடினாள், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எட்டில் கேள்வி கேட்டான், தப்பாகச் சொன்னேன், மறுபடி முயலுங்கள் என்றான், மறுபடி தப்பு, பரவாயில்லை நீங்கள் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றான். உன் பரவாயில்லையைக் கொண்டு போய்க் குப்பையில் போடு. ஒரு காலத்தில் ஒரு கான்ட்ராக்ட்காரன் என்னைப் பார்த்து நீயெல்லாம் பிசிறு வெட்டத்தான் லாயக்கு என்றான், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், கோபம் வந்தது, கோபத்தில் ஏறி வந்தேன். பரவாயில்லையில் எப்படி ஏறுவது. அது வழவழ என்று இருக்கிறது, கால் வைக்க இடம் இல்லை. ஒன்பது முடிந்தது. கதவு திறக்கிற மாதிரி ஒரு படம். அறைக்குள் வந்துவிட்டேன்.

அறையாம். வரிசையாகப் பேர்கள், வட்ட வட்டமாகத் தலைகள். ஜெயசீலன் தலை இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். ஹரிணி போட்டோ போட்டாள், ராத்திரிச் சட்டை, மேஜையில் விரித்து, மேலே விளக்கு. கீழே விலை. ஒத்துக்கொள்ள முடியாத விலையும் இல்லை, ஒத்துக்கொண்டால் எனக்கு அசிங்கமான விலை, பீஸுக்கு ரெண்டு ரூபாயாவது இறங்க வேண்டும், இறங்கும், எனக்குத் தெரியும். இப்போது நான் என்ன செய்ய வேண்டும். மூஞ்சியைச் சுளித்தேன். யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்து மூக்கைச் சுருக்கினேன், அப்படியே பழகிவிட்டது. எழுத ஆரம்பித்தேன். கழுத்துப் பட்டி இழுத்திருக்கிறது. போட்டோவில் இழுத்த மாதிரி தெரியவில்லை. அழித்தேன். நிறம் போயிருக்கிறது என்று எழுதினேன். அதை அவளே சொல்லியிருக்கிறாள். அழித்தேன். இந்த விலைக்கு யார் எடுப்பார்கள் என்று எழுதி, எழுத்தில் பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது, வாயில் சொன்னால் அடிக்கிற மாதிரி இருக்குமே, அழித்தேன். அப்போது ஜெயசீலன் எழுதுகிறான், எல்லாரும் பார்க்க. வேலாத்தாக்கா ரொம்ப நேரமா எழுதறாங்க அழிக்கறாங்க, எழுதறாங்க அழிக்கறாங்க, சரக்கு மேல அவ்ளோ ஆசைங்களாக்கா. கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி, ஒன்றல்ல, ஒரு வரிசை. அவனுக்கு எப்படித் தெரிந்தது. மேலே பார்த்தேன். சின்ன எழுத்தில், கொசு மாதிரி, மூன்று புள்ளி துடித்துக்கொண்டு, வேலாத்தாள் எழுதுகிறார். இத்தனை நேரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. நான் தொட்டது, விட்டது, தயங்கியது எல்லாம் ஊருக்கே தெரிந்திருக்கிறது, குளிக்கிறபோது கதவு திறந்திருந்த மாதிரி. உடம்பெல்லாம் வேர்த்து ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்த மூஞ்சியை எத்தனை வருஷம் சாணை பிடித்து வைத்திருந்தேன், அதன் வழியாக ஒருத்தன் உள்ளே பார்க்க முடியாது, இவனுக்கு மூஞ்சியே தேவைப்படவில்லை. ஒரு புள்ளி போதும். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை தெளியும், எப்போதும் அப்படித்தான், கை தானாக வேலை செய்யும். கட்டுபடியாகாது, உங்க சரக்கை நீங்களே கட்டிக்குங்க. அனுப்பினேன். அறையை விட்டு வெளியேறு என்று ஒன்று இருக்கிறதே, ஐந்தாவதில் காட்டினாள், சிவப்பில். ரெண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. நிச்சயமாக வெளியேற விரும்புகிறீர்களா என்றான். ஆமாடா. குத்தினேன்.

அறை போய்விட்டது. ஹரிணி இல்லை, சட்டை இல்லை, ஜெயசீலனின் கறுப்புக் கண்ணாடி இல்லை. வெள்ளைத் திரை. நீங்கள் எந்த அறையிலும் இல்லை. சரி, இப்போது கூப்பிடுவாள். காத்திருந்தேன். மேஜைக்கடியில் கால் தானாக ஒரு செருப்பை மாட்டிக்கொண்டது. இன்னொன்றைத் துழாவினேன். அது காலடியிலேயே கிடந்தது, துழாவினேன். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது, இறக்கையில் பஞ்சு கனமாக ஏறியிருக்கிறது, துடைக்க வேண்டும். படி எங்கே. எந்தப் படியில் நின்றுகொண்டிருக்கிறேன் நான். அங்கே என் முதுகு தெரியுமா அவளுக்கு, முதுகைப் பார்த்துத்தானே ஆளுக்குப் பயம் வருவது, போகிறாளே போகிறாளே என்று. இங்கே போவதே கிடையாது, இருக்கிறாள், இல்லை, அவ்வளவுதான், பல்ப் மாதிரி. நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கு நடுவில்தானே பிழைப்பு. இந்நேரம் ஜெயசீலன் ஓகே போட்டிருப்பான். போட்டிருப்பானா. அவனும் குறைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான், அவனுக்கு அவசரம் இல்லை, போட்டிக்கு நான் இல்லையே. திரும்ப உள்ளே போக எங்கே குத்த வேண்டும். தேடினேன். தேடவில்லை, பார்த்தேன். உங்களை அறையின் பொறுப்பாளர் அழைக்க வேண்டும். அழைக்க வேண்டும். அழை. கீழே யாரோ டிபன் டப்பாவை மூடுகிற சத்தம், சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், மேலே வருவார்கள். திங்கக்கிழமை. வளர்மதி மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறாள். அது என் பாடா. என் பாடில்லை. சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாளே அது என்ன பார்வை, எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை, யாரைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

போன் அடித்தது. ஹரிணி.

கூப்பிட்டுவிட்டாள். ஒரு கணம் எனக்கு நெஞ்சு அப்படியே விம்மியது, பார் ஜெயசீலா, பார், எந்த யந்திரம் வந்தால் என்ன, எழுந்து போனால் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். உடனே எடுக்கவில்லை. அடிக்கட்டும். நாலு தடவை அடிக்க விட்டு, தொண்டையைச் செருமி, வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தவள் மாதிரி எடுத்தேன். ம், சொல்லம்மிணி. அக்கா, சாப்ட்டீங்களா என்றாள். ஆச்சு, சொல்லு. ஒன்னுமில்லீங்க்கா, அறையை விட்டு வெளிய போய்ட்டீங்கன்னு காட்டுது, தெரியாம அழுத்திட்டீங்களா?

வாயில் வார்த்தை ரெடியாக இருந்தது, விலை சரியில்லை போனேன் என்று, முப்பது வருஷமாக அங்கேயே ரெடியாக இருக்கிற வார்த்தை. வரவில்லை. அவள் குரலைக் கேட்டேன். அதில் பயம் இல்லை. சரக்கு கை விட்டுப் போய்விடுமோ என்கிற அந்தச் சின்ன இழுப்பு, எந்தக் குரலிலும் எனக்குக் கேட்கும், அது இல்லை. இவளுக்கு நான் எழுந்து போனதே தெரியவில்லை. எழுந்து போவது என்று ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாது. தடுக்கி விழுந்தவளைத் தூக்க வந்திருக்கிறாள். எங்கம்மாவும் இப்படித்தாங்க்கா, குடும்பக் குரூப்பை விட்டே ரெண்டு தடவை போய்ட்டாங்க, சிரித்தாள், நல்ல சிரிப்புதான், கள்ளம் இல்லை, அதனால்தான் குமட்டியது. ஜெயசீலன் அண்ணன் எடுத்துக்கறேங்கறாருங்க, நான்தான் அக்காவைக் கேட்டுட்டு சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்களா வேணாம்னு போயிருந்தீங்கன்னா சொல்லிருங்க, அவருக்கே போட்டுர்றேன். இல்ல தெரியாம பட்டுதுன்னா திரும்பச் சேர்த்துக்கறேன்.

ரெண்டு கதவு. ஒன்றில் நான் போகலாம், நிமிர்ந்து, ரெண்டு செருப்போடு, சரக்கில்லாமல். இன்னொன்றில் ஒன்றும் தெரியாத ஒரு கிழவி போகலாம், சரக்கோடு. படியில் காலடிச் சத்தம் கேட்டது, பெண்டுகள் ஏறி வருகிறார்கள்.

ஆமா கண்ணு என்றேன். கை தவறிப் பட்டுருச்சு. எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது.

குரல் அப்படி ஒரு பக்குவத்தில் வந்தது. கொஞ்சம் நடுங்கி, கொஞ்சம் வெட்கப்பட்டு, கடைசியில் காற்றாக முடிந்தது. யாரிடம் கற்றேன் இதை, எங்கே கிடந்தது இது இத்தனை நாள் உள்ளே. ஐயோ பரவாயில்லீங்க்கா, எல்லாருக்கும் ஆகறதுதான் என்றாள் ஹரிணி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு வேணா பீஸுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக்கறேங்க்கா, வீடியோல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கீங்க, சார்கிட்ட நான் பேசிக்கறேன். நான் கேட்கவே இல்லை. சுளிக்கவில்லை, தூக்கிப் போடவில்லை, வாசலுக்கு நடக்கவில்லை. நாச்சிமுத்து அண்ணனிடம் அரை நாள் மல்லுக்கட்டி ரத்தம் கொதிக்க வாங்குகிற ரெண்டு ரூபாய், சேமியா பாயசம் மாதிரி கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவும் இல்லை நான். நல்லா இரு கண்ணு என்றேன். அதையும் சொன்னேன். வாய்க்குள் ஏதோ பிசுபிசு என்று ஒட்டியது, நாக்கால் தேடினேன், ஒன்றும் இல்லை, துப்ப வேண்டும் போல இருந்தது, துப்ப எதுவும் வரவில்லை. போனில் டிங் என்றது. வேலாத்தாள் மீண்டும் சேர்ந்தார்.

கதவைத் திறந்துகொண்டு வளர்மதி தலையை நீட்டினாள், பின்னாலேயே சகாயமேரி, அதற்குப் பின்னால் மற்றதுகள், கழுவிய கை ஈரம் காயாமல். என்னாச்சுங்க்கா. கிடைச்சுது என்றேன். அப்படி ஒரு கூச்சல் போட்டார்கள், ஒருத்தி விசிலே அடித்தாள். பிறகு வழக்கம் போல விலை போகாத பழைய துணி மூட்டைகள் மேல் ஆளாளுக்கு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு. பெரிய சரக்கு ஒன்றை அடித்துக்கொண்டு வந்தால் நான் சொல்ல வேண்டும், அது இந்தக் குடோனில் பழக்கம். அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், துணியை எப்படித் தூக்கினேன், எல்லாம் நடித்துக் காட்டுவேன், இதுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், அடுத்த வாரம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சொல்லுங்க்கா, அந்தப் புள்ளைய என்ன சொல்லி மடக்குனீங்க என்றாள் சகாயமேரி. நிமிர்ந்துதான் பார்த்தாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டு.

எந்திரிங்கடி மூட்டை மேல இருந்து என்றேன். ஈரக் கையோட உட்கார்ந்துட்டு. போயி வேலையப் பாருங்க.